என் தராசுக்கு முத்திரை வைக்கும் துறைக்கு

மத்திய நுகர்வோர் விவகாரத் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு அதிகாரிகளுக்கு, ஈரோடு மாவட்டத்து மரச்செக்கு எண்ணெய்க் கடைக்காரன் ஒருவன் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

போன மாதம் பக்கத்து ஊரில் முத்திரை முகாம் நடந்தது. என் மின்னணுத் தராசைப் பழைய போர்வையில் சுற்றி, ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்து எடுத்துப்போனேன். ஆய்வாளர் சோதனை எடைக்கற்களை முதலில் தட்டின் நடுவில் வைத்தார். பிறகு நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். இடது மூலையில் 5 கிராம் கூடுதலாகக் காட்டியது. பழுது பார்ப்பவர் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்த பிறகுதான் கம்பி கோத்து, ஈயக் குண்டை நசுக்கி, ஆண்டும் காலாண்டும் தெரியும்படி முத்திரை விழுந்தது. கட்டணம் கட்டிச் சான்றிதழ் வாங்கினேன். வாடிக்கையாளர் கண்ணில் படும்படி அதைக் கடையில் மாட்டியிருக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்து வருவதுதான். இதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

வரிசையில் நிற்கும்போதே கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. இணையத்தில் நான் கொடுத்துவரும் விளம்பரத்துக்காகக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டுவிட்டதாம். 412 கிளிக்குகளுக்கான தொகை. அந்த 412ஐ எண்ணியவர் விற்றவர். எண்ணியது சரிதானா என்று பார்த்தவரும் விற்றவர். சரியில்லை என்று நான் புகார் கொடுத்தால் விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவரும் அவரே. எள் விற்கிற விவசாயி என் கடைக்கு வந்து, "தராசைத் திருப்பி வைத்துக்கொள்கிறேன், எண் உங்களுக்குத் தெரியக்கூடாது, எடையை நான் சொல்கிறேன்" என்றால் நான் வாங்குவேனா? இணையத்தில் ஐந்து ஆண்டுகளாக அப்படித்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

தராசுக்கு முத்திரை வைப்பது மாநிலத் தொழிலாளர் துறையின் ஆட்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சட்டமும் விதியும் உங்களுடையவை. எனவே மடலும் உங்களுக்கு.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். கொரோனா ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது கூரியரில் எண்ணெய் அனுப்பத் தொடங்கினேன். சென்னை, பெங்களூரு, ஓசூர் என்று ஆர்டர்கள் வந்தன. இணையதளம் ஒன்று வைத்து விளம்பரமும் கொடுத்தேன். விளம்பரத்தை யாராவது தொட்டு என் பக்கத்துக்கு வந்தால்தான் காசு, பார்த்துவிட்டுப் போனால் காசில்லை என்றார்கள். நியாயமாகப் பட்டது. முதலாண்டில் நூறு பேர் தொட்டால் மூன்று நான்கு பேராவது வாங்கினார்கள். பிறகு ஒரு சித்திரை மாதத்தில் கிளிக் இரண்டு மடங்கு ஆனது. எண்ணெய் மட்டும் டின்னிலேயே இருந்தது.

என் முதல் சந்தேகம் எங்கள் ஊரிலேயே இன்னொரு செக்கு வைத்திருப்பவர் மேல் விழுந்தது. ஆள் வைத்து என் விளம்பரத்தைத் தட்டுகிறார் என்று நினைத்தேன். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் எழுந்து வந்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் அவருக்கும் அதே பிரச்சினை என்றும், அவர் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார் என்றும் தெரிந்தது. கணக்குத் தெரியாத இடத்தில் பக்கத்துக் கடைக்காரன்தான் திருடனாகத் தெரிகிறான். அந்த ஆறு மாதத்தை யார் பில்லில் சேர்ப்பது?

என் தங்கை மகன் கோயம்புத்தூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தவனைப் பிடித்து உட்காரவைத்தேன். இணையதளம் இருக்கும் கணினியில் வருவோர் போவோரின் பதிவு வரிவரியாக விழும் என்றும், விளம்பரம் வழியாக வருகிறவர்களின் முகவரியில் ஒரு நீண்ட குறியீடு ஒட்டிக்கொண்டு வரும் என்றும் சொன்னான். அந்தக் குறியீடு உள்ள வரிகளை மட்டும் பிரித்துத் திரையில் காட்டினான். இரவு 2 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு ஒருவர் வந்திருக்கிறார். அடுத்தவர் 19ஆவது நொடியில். அடுத்தவர் 31இல். பிறகு 43, 55. பன்னிரண்டு நொடிக்கு ஒருவர், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். எங்கள் செக்கில் மாடு பூட்டியிருந்த காலத்தில் அதுகூட நடுவில் நின்று மூச்சு வாங்கும், வாலால் ஈயை விரட்டும். இவர்கள் நிற்கவே இல்லை.

"இதையும் பாருங்கள், மாமா" என்று அவன் காட்டியதுதான் எனக்கு உறைத்தது. மனிதர் ஒருவர் பக்கத்தைத் திறந்தால் எழுத்து, படம், விலைப்பட்டியல் எல்லாவற்றையும் அவருடைய கைப்பேசி தனித்தனியாகக் கேட்டு வாங்கும். ஒவ்வொன்றும் ஒரு வரியாக விழும். இந்த விருந்தாளிகள் பக்கத்தைக் கேட்டிருந்தார்கள். அதிலிருக்கும் நல்லெண்ணெய்ப் புட்டியின் படத்தை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடைக்குள் வந்து, கண்ணை மூடிக்கொண்டே நின்று, வெளியேறியிருக்கிறார்கள். எல்லோரும் தங்களைக் கைப்பேசி என்று சொல்லிக்கொண்டார்கள். இணைய முகவரியோ எந்தக் கைப்பேசி நிறுவனத்துடையதும் இல்லை. வாடகைக்குக் கணினி விடும் தரவு மையம் ஒன்றினுடையது. பாட் என்று சொல்லப்படும் தானியங்கி நிரல்கள் இவை.

நான் கொதித்தேன். அவன் சிரித்தான். "இது முட்டாள் பாட், மாமா. அதனால்தான் மாட்டிக்கொண்டது. கெட்டிக்கார பாட் படத்தையும் கேட்கும், விலையையும் பார்க்கும், கூடையில் பொருளை வைத்துவிட்டுக்கூடப் போகும். அதை உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது."

அவன் சொன்னது மிகையில்லை. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிச்சத்துக்கு வந்த மெத்பாட் என்ற மோசடியைப் பற்றிப் பிறகு படித்தேன். தரவு மையங்களில் கணினிகளை வாடகைக்கு எடுத்து, லட்சக்கணக்கான இணைய முகவரிகளை வீட்டு இணைப்புகள்போலப் பதிவுசெய்து, பெயர்பெற்ற செய்தித் தளங்களைப்போலப் போலிப் பக்கங்கள் செய்து, அவற்றில் வரும் காணொளி விளம்பரங்களைத் தங்கள் நிரல்களே "பார்க்கும்படி" செய்தார்கள். சுட்டியை மனிதக் கை நகர்த்துவதுபோல நகர்த்தவும், சமூக ஊடகக் கணக்கில் நுழைந்திருப்பதுபோல நடிக்கவும் அவற்றுக்குத் தெரிந்திருந்தது. அதை நடத்திய அலெக்சாண்டர் ழூக்கோவ் என்ற ரஷ்யர் பல்கேரியாவில் பிடிபட்டு, நியூயார்க்கின் புரூக்ளின் நீதிமன்றத்தில் 2021இல் பத்தாண்டு சிறைத்தண்டனை பெற்றார். தன்னையே "மோசடியின் அரசன்" என்று அழைத்துக்கொண்டவர். அதையொட்டி வெளிவந்த ஈவ் (3ve) என்ற இன்னொரு கூட்டம் வாடகைக் கணினியை மட்டும் நம்பியிருக்கவில்லை. 17 லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்களின் கணினிகளில் தீநிரலைப் புகுத்தி, உரிமையாளருக்கே தெரியாமல் பின்னணியில் விளம்பரம் பார்க்கவைத்தது. அந்தக் கணினிகளின் முகவரிகள் அசலானவை. நிஜமான வீடு, நிஜமான இணைப்பு, அதில் பொய்யான விருந்தாளி.

எந்திரம்தான் வேண்டும் என்றும் இல்லை. 2017இல் தாய்லாந்தில், கம்போடிய எல்லையோரம் ஒரு வாடகை வீட்டில் மூன்று பேர் பிடிபட்டபோது ஏறத்தாழ 500 கைப்பேசிகளும் மூன்றரை லட்சம் அளவுக்கு சிம் அட்டைகளும் இருந்தன. சமூக ஊடகத்தில் பொருள்களுக்கு விருப்பமும் பார்வையும் கூட்டிக்காட்டுவது அவர்களுடைய தொழில். இரும்புச் சட்டங்களில் வரிசையாகக் கம்பியோடு கட்டப்பட்ட கைப்பேசிகளைப் படத்தில் பார்த்தபோது எனக்குக் கோழிப் பண்ணைக் கூண்டுகள்தான் நினைவுக்கு வந்தன.

என் விளம்பரத்தைத் தட்டி யாருக்கு என்ன லாபம் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். லாபம் இருக்கிறது. என் விளம்பரம் தேடல் பக்கத்தில் மட்டும் வருவதில்லை. ஆயிரக்கணக்கான இணையதளங்களிலும் கைப்பேசிச் செயலிகளிலும் வருகிறது. அங்கே ஒரு கிளிக் விழுந்தால் நான் கொடுக்கும் காசில் ஒரு பங்கு அந்தத் தளத்தின் உரிமையாளருக்குப் போகும். எனவே ஒன்றுக்கும் உதவாத தளம் ஒன்றைத் திறந்து, அதற்கு பாட்களை வாடகைக்கு ஓட்டினால் போதும். நல்லெண்ணெய் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவன் உலகின் எந்த மூலையிலோ உட்கார்ந்து என் எள்ளை ஆட்டிக்கொண்டிருப்பான்.

மோசடி என்றே சொல்ல முடியாத திருட்டும் உண்டு. எங்கெல்லாம் என் விளம்பரம் தோன்றியது என்ற பட்டியலைத் தங்கை மகன் எடுத்துத் தந்தான். டார்ச் விளக்குச் செயலி ஒன்று. குழந்தைகள் படத்துக்கு வண்ணம் தீட்டும் விளையாட்டு ஒன்று. மூன்று வயதுக் குழந்தை யானைக்கு நீல வண்ணம் அடிக்கப்போய், குறுக்கே வந்த என் கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெயைத் தொட்டிருக்கிறது. அதற்கும் பில். அந்தக் குழந்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. அது என் வாடிக்கையாளர் என்று எண்ணிக் கணக்கில் எழுதியவர் மேல்தான்.

இந்தச் செயலிகளில் நான் விளம்பரம் கேட்கவே இல்லை. விளம்பரம் அமைக்கும் திரையில் அந்த வலையமைப்புகளுக்கான கட்டங்கள் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருந்தன. அதைப்போலவே, "தமிழ்நாடு" என்று நான் தேர்ந்தெடுத்திருந்ததற்குத் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மட்டும் என்பது பொருள் இல்லையாம். தமிழ்நாட்டின் மேல் ஆர்வம் காட்டியவர்கள் என்றும் பொருளாம். அதை மாற்றும் இடம் இரண்டு திரைகளுக்குப் பின்னால், மடித்துவைத்த ஒரு பட்டியலுக்குள் இருந்தது. 2023 நவம்பரில், வாங்குபவரை ஏமாற்றும் திரை அமைப்புகளான இருள் உத்திகளுக்கு எதிராக நெறிமுறைகள் வெளியிட்டு 13 வகைகளை அடையாளம் காட்டியது உங்கள் துறைதான். வாங்குபவர் கேட்காத பொருளைக் கூடையில் நுழைத்துவைப்பது அதில் ஒன்று. விமான டிக்கெட்டோடு காப்பீட்டை நுழைத்தால் அது இருள் உத்தி. என் விளம்பரத்தோடு டார்ச் விளக்குச் செயலியை நுழைத்தால் மட்டும் வேறு பெயரா?

புகார் கொடுக்காமல் இருந்தேனா என்று கேட்பீர்கள். கொடுத்தேன். பதிவுத் தாள்கள், நேரம், முகவரி எல்லாவற்றையும் அவர்களுடைய படிவத்தில் ஏற்றினேன். இரண்டு வாரம் கழித்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. தங்களுடைய தானியங்கி அமைப்புகள் பரிசோதித்துவிட்டன, செல்லாத கிளிக்குகளைக் கட்டணம் விழுவதற்கு முன்பே வடிகட்டிவிடுகிறோம், மேலும் திருப்பித்தர எதுவும் இல்லை என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய மாதப் பில்லில் 86 ரூபாய் "செல்லாத நடவடிக்கை" என்ற பெயரில் திரும்பி வந்திருந்தது. எந்தக் கிளிக்குக்கு, எந்த நாளைக்கு, ஏன் செல்லாது, எதுவும் இல்லை. இதை நான் கேலி செய்யவில்லை. அவர்கள் வடிகட்டுவது உண்மை, பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடுகிறது என்றுதான் தங்கை மகனும் சொல்கிறான். எவ்வளவு கழிந்தது, எவ்வளவு கழியாமல் எனக்கு வந்தது என்பதுதான் கேள்வி. அதற்கான விடை ஒரு தரப்பிடம் மட்டுமே இருக்கிறது.

இது புதிய வழக்கும் இல்லை. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பரிசுப் பொருள் கடை ஒன்று தொடுத்த கூட்டு வழக்கில், கூகுள் 2006இல் 9 கோடி டாலர் வரைக்கும் சமரசத் தொகைக்கு ஒப்புக்கொண்டது. பெரும்பகுதி பணமாக வரவில்லை, அவர்களிடமே மறுபடி விளம்பரம் கொடுத்துக் கழித்துக்கொள்ளும் வரவாகத்தான் கிடைத்தது. புளித்த தயிருக்கு இன்னொரு கிண்ணம் தயிர் மாதிரி. அந்த வழக்கில் சுயேச்சை நிபுணராக அலெக்சாண்டர் துழிலின் என்ற பேராசிரியர் அறிக்கை தந்தார். கூகுளின் முயற்சிகள் நியாயமானவையே என்று அவர் முடிவு சொன்னார். கூடவே அடிப்படையான ஒரு சிக்கலையும் எழுதிவைத்தார்: எது செல்லாத கிளிக் என்பதற்கான நடைமுறை விதிகளை முழுதாக வெளியிட்டால் மோசடிக்காரர்கள் அதைப் படித்துத் தப்பித்துக்கொள்வார்கள், வெளியிடாவிட்டால் விளம்பரம் கொடுப்பவர் தன்னிடம் ஏன் காசு வாங்கினார்கள் என்று சரிபார்க்க வழியே இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. முடிச்சு அப்படியே இருக்கிறது. சுமை மட்டும் ஒரு பக்கமாகவே ஏற்றப்பட்டுவிட்டது.

இரகசியம் தேவை என்பதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் தராசுக்குள் இருக்கும் மின்சுற்றை ஆய்வாளர் ஊருக்கு விளக்குவதில்லை. எடைக்கல்லை வைக்கிறார், எண்ணைப் பார்க்கிறார். உள்ளே என்ன இருந்தாலும் வெளியே வரும் எண் சரியா என்பதே அவருக்குப் பொருட்டு. விளம்பரத் தளத்துக்கும் அப்படி ஒரு எடைக்கல் வைக்க முடியும். தெரிந்த பாட்களைத் தெரிந்த எண்ணிக்கையில் அனுப்பி, பில்லில் எத்தனை விழுகிறது என்று மூன்றாம் தரப்பு ஒன்று பார்க்கலாம். சூத்திரம் எதுவும் வெளியே வராது.

மூன்றாம் தரப்பு என்றதும் ஏற்கெனவே அதற்கென்று நிறுவனங்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, விளம்பரம் கொடுப்பவரிடம் காசு வாங்கிக்கொண்டு பாட்களைப் பிரித்துக் காட்டுவதாகச் சொல்பவை. 2025 மார்ச்சில் அடலிட்டிக்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தங்கள் பெயரையே "நான் பாட்" என்று அறிவித்துக்கொண்டு வந்த நிரல்களுக்கும், அப்படிப்பட்ட நிறுவனங்களை அமர்த்தியிருந்த பெரிய பெரிய விளம்பரதாரர்களின் விளம்பரங்கள் காட்டப்பட்டிருந்தன. அவை திருட வந்தவைகூட இல்லை. இணையப் பக்கங்களைப் பதிவுசெய்து வைக்கும் வேலைக்காகச் சுற்றுபவை. சட்டையில் பெயர் குத்திக்கொண்டு வாசல் வழியாக வந்தவரையே அடையாளம் தெரியவில்லை என்றால், சுவரேறிக் குதிப்பவரை என்ன செய்வார்கள்? 2024இல் இணையப் போக்குவரத்தில் 51 விழுக்காடு மனிதருடையதே இல்லை என்று இம்பெர்வா நிறுவனம் கணக்குச் சொன்னது. இம்பெர்வா பாட்களைத் தடுக்கும் மென்பொருள் விற்கும் நிறுவனம். மருந்துக் கடைக்காரர் சொல்லும் நோய்க் கணக்கு என்று நான் அதைக் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்கிறேன். பாதியாக இருந்தாலும் பெரிதுதான்.

பெரிய நிறுவனங்கள் எப்படியோ கண்டுகொள்கின்றன. ஊபர் நிறுவனத்தில் விளம்பரப் பொறுப்பில் இருந்தவர் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்: செயலியைப் பதிவிறக்கச் செய்வதற்கான 15 கோடி டாலர் செலவில் 10 கோடியை நிறுத்திப் பார்த்தார்கள், பதிவிறக்கத்தில் மாற்றமே இல்லை. ஜேபி மார்கன் சேஸ் வங்கி 2017இல் வேறொரு காரணத்துக்காகத் தன் விளம்பரம் வரும் தளங்களை நான்கு லட்சத்திலிருந்து ஐயாயிரமாகக் குறைத்தது. பலனில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அவர்களிடம் நிறுத்திப் பார்க்கவும் ஒப்பிட்டுப் பார்க்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். மாதம் 18,000 ரூபாய்க்கு விளம்பரம் கொடுக்கும் நான் ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தால், விற்பனை குறைந்தது விளம்பரத்தாலா, ஆடி மாதத்தாலா என்றே எனக்குத் தெரியாது.

கிளிக்கோடு போனால் பரவாயில்லை, இதற்கடுத்த கட்டம் ஒன்று இருக்கிறது. மொத்த விலைக்கு வாங்க விரும்புவோர் பெயரும் எண்ணும் கொடுக்க ஒரு படிவம் வைத்தேன். முதல் வாரத்திலேயே 40 பேர். கடையில் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் ஒவ்வொருவராக அழைத்தோம். பாதிக்கு மேல் உபயோகத்தில் இல்லாத எண்கள். ஒருவர் எடுத்தார், இந்தியில் பேசினார், எண்ணெய் எதுவும் கேட்கவில்லை என்றார், பாவம், மறுபடி மறுபடி நான்தான் மன்னிப்புக் கேட்டேன். இதில் கொடுமை, படிவத்தை நிரப்பியவர்களைப் பார்த்து "இந்த மாதிரி ஆட்கள்தான் இந்தக் கடைக்கு வேண்டும்" என்று விளம்பரத் தளத்தின் எந்திரம் தானாகக் கற்றுக்கொள்கிறது. அடுத்த வாரம் அதே மாதிரி ஆட்களை, அதாவது அதே மாதிரி பாட்களை, இன்னும் அதிகமாகத் தேடிக் கொண்டுவருகிறது. என் காசில் அதற்குப் பாடம், பாடம் நடத்துபவன் திருடன்.

இப்போது நான் செய்துகொண்டிருக்கும் தற்காப்பையும் சொல்லிவிடுகிறேன், என்னைப்போன்ற கடைக்காரர் யாராவது இதைப் படித்தால் உதவும். செயலிகளையும் கூட்டாளித் தளங்களையும் முழுதாக நீக்கிவிட்டேன். இரவு 11 முதல் காலை 5 வரை விளம்பரம் ஓடாது. தமிழ்நாட்டிலும் பெங்களூருவிலும் நிஜமாக இருப்பவருக்கு மட்டும். படிவத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைத் தங்கை மகன் ஒளித்துவைத்தான். பாட் அதையும் ஆசையாக நிரப்பும், நிரப்பியதும் தள்ளுபடி. படிவம் நிரப்பியதை வெற்றியாகக் கணக்கில் காட்டுவதை நிறுத்திவிட்டு, நாங்கள் அழைத்துப் பேசி, பணம் வந்து, எண்ணெய் கூரியரில் ஏறிய ஆர்டரை மட்டும் வாரம் ஒருமுறை தளத்துக்குத் திருப்பிச் சொல்கிறோம். இதுதான் எல்லாவற்றிலும் பலன் தந்தது. கிளிக் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது, விற்பனை குறையவில்லை. அப்படியானால் முன்பு நான் காசு கொடுத்து வாங்கிய மற்ற இரண்டு பங்கு என்னவென்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் இவ்வளவும் என் வீட்டுப் பூட்டு. ஊருக்குக் காவல் வேண்டாமா? எல்லா ஊரிலும் தங்கை மகன் கோயம்புத்தூரில் வேலை பார்ப்பதில்லை.

உங்கள் துறையால் முடியாது என்று நான் நினைக்கவில்லை, காரணத்தோடுதான் சொல்கிறேன். 2022 ஆகஸ்டில் எண்ணெய்க்காரர்களான எங்களுக்கு நீங்கள் ஓர் உத்தரவு போட்டீர்கள். எண்ணெய் சூடானால் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம் என்றால் 60 டிகிரியில் 892.6 கிராம்தான். பாக்கெட்டில் கூடுதல் வெப்பநிலையை அச்சடித்து அந்த 26 கிராமை மிச்சம் பிடிக்கும் வித்தையை நீங்கள் கண்டுபிடித்து, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவை எழுதுங்கள் என்று 2023 ஜனவரி 15 வரை கெடு கொடுத்தீர்கள். அந்த உத்தரவைப் படித்தபோது ஒரு தொழில்காரனாக எனக்கு மரியாதை வந்தது. கொதிக்கும் எண்ணெயில் ஒளித்துவைத்த 26 கிராம் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. 2022 நவம்பரில் இணையத்தின் பொய் மதிப்புரைகளுக்கு எதிராக ஐஎஸ் 19000 என்ற தரநிலை வந்தது. பொய்ப் புகழ்ச்சிக்குத் தரநிலை வகுத்தவர்களுக்குப் பொய்க் கிளிக் புரியாதா?

எடையளவுச் சட்டத்தின் முகப்பு வரியிலேயே எடை, அளவு ஆகியவற்றோடு எண்ணிக்கையும் சேர்ந்தே இருக்கிறது. எங்கள் ஊர் வக்கீலிடம் இதைக் காட்டினேன். "கிளிக் சரக்கு இல்லை, சேவை. இந்தச் சட்டத்துக்குள் இழுப்பது கடினம்" என்றார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019க்குப் போனால், வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று இருக்கிறது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துபவருக்கு அதில் ஒரு விளக்கம் விட்டுவைத்திருக்கிறார்கள். நானும் என் மனைவியும் ஒரு செக்காளும் பிழைக்கும் கடை அந்த விளக்கத்துக்குள் வருமா வராதா என்று தெளிவாக ஒரு வரி சொல்லக்கூடாதா? வழக்குப் போட்டு, பத்தாண்டு நடந்து, அதன் பிறகு தெரிந்துகொள்ள எனக்கு வயது பற்றாது.

செய்தித்தாளுக்கு இந்த ஏற்பாடு எப்போதோ வந்துவிட்டது. எத்தனை பிரதி விற்கிறது என்று நாளிதழ் தானே சொன்னால் விளம்பரதாரர் நம்பமாட்டார் என்பதால் 1948இலேயே ஏபிசி என்ற தணிக்கை அமைப்பு உருவானது. பதிப்பாளரும் விளம்பரதாரரும் விளம்பர முகமைகளும் அதில் சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். தொலைக்காட்சிக்கு, பார்வையாளரைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) என்ற அமைப்பு வந்தது. அதிலும் 2020இல் பார்வையாளர் கணக்கில் மோசடி என்று மும்பை போலீஸ் வழக்குப் பதிந்து நாடே பேசியது. பேசுவதற்காவது அங்கே ஒரு வெளிக்கணக்கு இருந்தது. கிளிக்குக்கு அதுவும் இல்லை. வரி வாங்குவதற்கு மட்டும் அரசு இந்த வியாபாரத்தை நன்றாக அளந்திருக்கிறது: வெளிநாட்டுத் தளங்களில் கொடுக்கும் விளம்பரத்துக்கு 2016 முதல் 6 விழுக்காடு சமன்படுத்தும் தீர்வை இருந்தது, 2025 ஏப்ரலில்தான் எடுத்தார்கள். ஜிஎஸ்டி 18 விழுக்காடு இன்றும் இருக்கிறது. பாட் தட்டிய கிளிக்குக்கும் ஜிஎஸ்டி உண்டு. எனக்காவது கட்டிய ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியாகத் திரும்பிவிடும். சிறு கடைகளுக்கான காம்போசிஷன் வரித் திட்டத்தில் இருக்கும் பக்கத்து ஊர் முறுக்குக் கடை அம்மாவுக்கு அதுவும் கிடையாது. அவர் பாட் தட்டியதற்கும் வரி கட்டுகிறார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. காசு வாங்கிய ஒவ்வொரு கிளிக்குக்கும் நேரம், எந்தத் தளம் அல்லது செயலி, எந்த வகை இணைப்பு, எந்த ஊர் என்று ஒரு வரி எனக்குத் தரவேண்டும். ஆளின் பெயரோ எண்ணோ எனக்கு வேண்டாம். தள்ளுபடி செய்ததை எந்த வரிக்குத் தள்ளுபடி செய்தார்கள் என்று காட்டவேண்டும். முன்கூட்டியே டிக் செய்துவைக்கும் பழக்கத்தை இருள் உத்தி நெறிமுறையில் சேர்த்துக் கடைக்காரர்களையும் அதற்குள் கொண்டுவாருங்கள். ஏபிசி மாதிரி ஓர் அமைப்பு வருடம் ஒருமுறையாவது எடைக்கல் வைத்துப் பார்க்கட்டும். புகாருக்கு மனிதர் ஒருவர் தமிழில் பதில் சொன்னால் அது கூடுதல் மகிழ்ச்சி, அதற்காகச் சட்டம் கேட்கமாட்டேன்.

என் தாத்தா படியால் எள் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார். "லாபம்" என்று தொடங்கி, இரண்டு, மூன்று என்று தெருவுக்கே கேட்கும்படி எண்ணுவார். வாங்குபவர் காதிலும் அந்த எண் விழவேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் குரல். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தவறினால், கொட்டிவிட்டு மறுபடி "லாபம்" என்று தொடங்குவார். அவருக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு.

அடுத்த ஆண்டு முத்திரை முகாமுக்குத் தராசோடு என் பதிவுத் தாள்களையும் எடுத்து வருகிறேன், 214 பக்கம் இருக்கிறது. எந்த மேசையில் வைக்கவேண்டும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மரச்செக்கு எண்ணெய்க் கடைக்காரன்,
ஈரோடு மாவட்டம்